மூன்று மணிக்கு மேல் ஓடிய மோட்டார்

அப்பாவின் தலையில் மூன்று அடிகள். முதல் அடியிலேயே மண்டை ஓடு உடைந்துவிட்டது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. மூன்றாவது அடி, அவர் கீழே விழுந்த பிறகு. அதனால்தான் என் சின்னப்பா மாதேஷ் மீது கொலை வழக்கு.

அடித்ததைச் சின்னப்பா மறுக்கவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: "எங்கண்ணன் செஞ்ச பெட்டி என் தண்ணியத் திருடுச்சு." அப்பா சாகும்வரை சொன்னதும் ஒன்றுதான்: திருடவில்லை. இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மகள் நான், பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் டெஸ்ட் இன்ஜினியர். பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அப்பா பெயர் வெங்கடப்பன். ஊர் உத்தனப்பள்ளிப் பக்கம். ஐடிஐ எலக்ட்ரீஷியன். ஓசூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சாகும்வரை இருபத்தாறு வருடம் மெயின்டனன்ஸ். 2011இல் ஒரு பவர் பிரஸ் அவருடைய இடக்கையில் மூன்று விரல்களை எடுத்தது. அந்த மிஷினின் கன்ட்ரோல் பெட்டிக்கு சீல் வைத்திருந்தார்கள். செய்தவர்களின் ஆள் வந்துதான் திறக்க வேண்டும். பெட்டி கோளாறு என்று அப்பா எழுதிக் கொடுத்துப் பதினோரு நாளாகியும் ஆள் வரவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள், அவர் கை உள்ளே இருந்தபோது, யாரும் பெடலை மிதிக்காமல் பிரஸ் தானாக இறங்கியது. ரத்தம் வடிகிற கையோடு அவர் நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போய், இருந்த இரண்டு விரலால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் முகத்தில் குத்தினார். ஆம்புலன்ஸில் இருவரும் ஒன்றாகப் போனார்கள்.

திறக்க முடியாத பெட்டி எதையும் அதற்குப் பிறகு அவர் நம்பவில்லை. கம்பெனி கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி வந்தார். அதில் லினக்ஸ் போட்டார். அந்த வார்த்தையை எங்கே கேட்டார் என்று தெரியவில்லை. எனக்கு அவர் எதையும் கற்றுத் தரவில்லை. நானும் அவருக்குத் தரவில்லை. பத்தாவதில் ஆங்கிலத்தில் இரண்டு முறை தேறாமல் போனவர், ஏழு விரலால் தட்டித் தட்டி, பைத்தான் எழுதினார். வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது, மாட்டுக் கொட்டகை விளக்கை ஏற்றுவது, இன்வெர்ட்டர் பேட்டரியின் அளவைச் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன போர்டு. கேபிளெல்லாம் பழைய டிவிஎஸ் வண்டி ஒயர்.

இதையெல்லாம் பொறுமையாகச் செய்தார் என்று சொல்ல ஆசைதான். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் எழவில்லை என்று கீபோர்டைத் தூக்கி எறிந்தார். அது என் புருவத்தைக் கிழித்தது. நான்கு தையல். இரண்டு மானிட்டர்களை உதைத்து உடைத்தார். சால்டரிங் அயனை நகர்த்தி வைத்த ஆடு மேய்க்கும் ஆளை வாசலிலிருந்து ரோடு வரை அடித்துக்கொண்டே போனார். மறுநாள் அவனுக்கே போன் ரிப்பேர் செய்து கொடுத்தார். மன்னிப்பு கேட்கவில்லை.

இணையத்தில் வேறு மனிதர். மீட்டரைப் படிக்கிற ஒரு புரோகிராமில் அவர் திருத்திய நாற்பது வரிகளை எங்கெங்கோ உள்ளவர்கள் பயன்படுத்துகிறார்கள். அங்கே எல்லாருக்கும் "மதிப்புக்குரிய ஐயா" என்றுதான் தொடங்குவார். அவர் இறந்ததை நான் அங்கே இரண்டு வரியில் எழுதினேன். பதினேழு பேர் பதில் போட்டார்கள். போலந்திலிருந்து ஒருவர், "நான் பார்த்ததிலேயே பொறுமையான மனிதர்" என்று எழுதியிருந்தார். அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா சொன்னாள்: "அந்த ஊர்ல இருக்கறவன் அவரு கைக்கு எட்டலை."

போர்வெல் விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவின் நான்கு ஏக்கரில் ஒரே ஒரு போர். அப்பாவும் சின்னப்பாவும் பாகம் பிரித்தபோது நிலத்தை வெட்டினார்கள். போரை வெட்ட முடியாது. முறை வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் மூத்தவன் பங்கைப் பிரித்து வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். விவசாயத்துக்கு த்ரீ பேஸ், அதாவது மும்முனைக் கரன்ட், காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. அப்பா அதை மூன்று மணி நேரம், மூன்று மணி நேரம் என்று பிரித்தார். சின்னப்பா காலை முறையை எடுத்தார். மத்தியான முறை எங்களுக்கு.

அதிலும் சண்டை. கரன்ட் பாதியில் போனால் யாருடைய முறையில் போனது என்று. வால்வைத் திருப்பியது யார் என்று. 2021இல் சின்னப்பா அப்பாவின் வண்டியைக் கிணற்று மேட்டிலிருந்து கீழே தள்ளினார். அப்பா அவருடைய கொத்தமல்லியை மிதித்து நாசம் செய்தார். அதன் பிறகுதான் அப்பா அந்தப் பெட்டியைச் செய்தார்.

நல்ல பெட்டி. அதைச் சொல்ல வேண்டும். பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டாரை வைத்து வால்வைத் தானாகத் திருப்பினார். கரன்ட் வந்தால் முதலில் சின்னப்பா பக்கம். மூன்று மணி நேரம் முடிந்ததும் எங்கள் பக்கம். கரன்ட் தடைபட்டால் விட்ட நிமிடம் மறுநாள் சேர்ந்துகொள்ளும். நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று பேஸின் வோல்ட்டேஜும் மோட்டார் இழுக்கிற ஆம்பியரும் சிம் கார்டு வழியாக வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து பதிவாகும். யாருக்கு எத்தனை மணி நேரம் என்று சின்னப்பாவின் போனிலும் தெரியும். இரண்டரை வருடத்துக்கு மேல் சண்டையே இல்லை. சின்னப்பாவே ஊரில், "எங்கண்ணன் பெட்டி ஜட்ஜ் மாதிரி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன வருடம் மழை ஏமாற்றியது. பிப்ரவரியில் சின்னப்பாவின் தக்காளி வாட ஆரம்பித்தது. எங்கள் அரை ஏக்கர் ரோஜா வாடவில்லை.

"ணா, காலையில முக்கா மணி நேரந்தான் தண்ணி வருது. அப்புறம் காத்து."

"மூணு மணி நேரம் ஓடிக்குதே. போன்ல பாரு."

"போன்ல தண்ணி வருமாடா வெங்கடப்பா?" என்றாளாம் பக்கத்து நிலத்து நாராயணம்மா. அவளுக்கு எழுபது வயது. அவள் யாரையும் எப்படியும் கூப்பிடுவாள்.

"மூணு மணிக்கப்புறம் உம்பக்கம் தண்ணி ஓடுதுணா. நானே பாத்தேன். சுகுணாவும் பாத்தா."

"மூணு மணிக்கப்புறம் த்ரீ பேஸே இல்லடா. எங்கப்பன் வந்து ஓட்டுவானா மோட்டார?"

"அப்ப பெட்டியத் தொற. உள்ள இன்னா எழுதிக்கிறேன்னு காட்டு."

அப்பா முப்பத்து நான்கு பக்கம் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்ச் சின்னப்பா கையில் கொடுத்தார். "எதையும் மறைக்கலை. படி." சின்னப்பா எட்டாவது வரை படித்தவர். ராயக்கோட்டையில் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் எடுத்துக்கொண்டு போனார். அவர் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "எல்லாம் கரெக்டாதான் இருக்குது. எழுத்துதான் கொஞ்சம் மங்கல்" என்றாராம்.

அதே பக்கங்களை அப்பா எனக்கும் அனுப்பினார். "தப்பு இருக்கா பார்" என்று மட்டும். நான் ஆபீஸில் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் பார்த்தேன். மாறிகளுக்குப் பெயர் வைத்தது சரியில்லை என்று பதில் போட்டேன். அவர் மூன்று வாரம் என்னிடம் பேசவில்லை.

மார்ச்சில் சின்னப்பா எங்கள் சொட்டு நீர்க் குழாய்களைக் கொடுவாளால் அறுத்தார். வரிசை வரிசையாக, இரண்டடிக்கு ஒரு வெட்டு. அம்மா மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் சுகுணா சின்னம்மாவின் முதுகில் அடித்தாள். சின்னம்மா திரும்பி அம்மாவின் காதைக் கடித்தாள். தோடு கிழித்துக்கொண்டு வந்தது. இருவரும் ரோஜாச் செடிகள் மேலேயே உருண்டார்கள். பிரித்துவிடப் போன நாராயணம்மாவுக்கு முழங்கை பிசகியது. சாயங்காலம் அப்பா ஷிப்ட் முடிந்து வந்தார். விஷயம் கேட்டார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை. இருபத்து நாலாம் நம்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார். சின்னப்பாவின் இரண்டு முன்பற்கள் போயின. காவல் நிலையத்தில் இனிச் சண்டை போட மாட்டோம் என்று இருவரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குள் சின்னப்பாவின் பக்கத்தில் தண்ணீர் நின்றது. கடப்பாரையோடு மோட்டார் கொட்டாய்க்கு வந்தார். அப்பா அங்கேதான் இருந்தார். அன்று காலையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை மடியில் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாராம். நாராயணம்மா போலீஸிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தள்ளு ணா. பெட்டியத்தான் ஒடைக்கப் போறேன். உன்னையில்ல."

"தொட்டுப் பாருடா."

"மூணு மாசமாத் திருடுறே."

"இன்னொரு தபா அந்த வார்த்தை சொல்லு."

"திருடன். திருட்டு நாயி."

அப்பா எழுந்து அறைந்தார். சின்னப்பா பெட்டி மேல் கடப்பாரையை இறக்கினார். பிளாஸ்டிக் மூடி தெறித்தது. அப்பா அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து முகத்தில் குத்தினார், குத்திக்கொண்டே இருந்தார். பல் போன ஈறிலேயே குத்தினார். சின்னப்பா முழங்காலால் உதைத்து விடுபட்டுக் கடப்பாரையை ஓங்கினார். ஒன்று. இரண்டு. அப்பா உட்கார்ந்தார், சாய்ந்தார். மூன்று.

அதற்குப் பிறகு சின்னப்பாதான் தண்ணீர் எடுக்க ஓடினார். பைப்பில் காற்றுதான் வந்தது. தன் லோடு ஆட்டோவில் அண்ணனைத் தூக்கிப் போட்டு, தலையை சுகுணா சின்னம்மா மடியில் வைத்து, ஓசூர் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை. அவர் அங்கேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போலீஸ் வரும்வரை நகரவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். பாஸ்வேர்டு தேவைப்படவில்லை. அவர் எதையும் பூட்டி வைத்திருக்கவில்லை. மூன்று வருடப் பதிவு. பதினைந்து லட்சம் வரிகளுக்கு மேல். கடைசி வரி ஞாயிறு 9.52.

இருபது நிமிடத்தில் கிடைத்தது. மூன்று மணிக்கு த்ரீ பேஸ் போகிறது. இரண்டு பேஸ் மட்டும் இருக்கிறது. அந்த நேரத்தில் மோட்டார் ஓட முடியாது. ஆனால் மூன்றே காலிலிருந்து ஐந்து வரை மோட்டார் பத்து ஆம்பியர் இழுத்திருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஐம்பத்தெட்டு நாள். ஞாயிறு ஒன்றுகூட இல்லை. அப்பா வீட்டில் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை.

கன்டன்சர். எங்கள் ஊரில் எல்லாக் கொட்டாயிலும் உண்டு. இரண்டு பேஸ் இருக்கும்போது கன்டன்சரைக் கோர்த்து மூன்றாவது பேஸ் இருப்பதாக மோட்டாரை ஏமாற்றி ஓட்டுவார்கள். மோட்டார் சூடாகும், சீக்கிரம் வைண்டிங் போகும். அப்பாவுக்கு அது ஆகவே ஆகாது. "மோட்டாரைக் கொல்றவன் விவசாயி இல்லை" என்பார். எங்கள் கன்டன்சரை அவரே பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

அதனால் புரோகிராமில் ஒரு வரி எழுதியிருந்தார். மூன்றில் ஒரு பேஸ் இல்லையென்றாலும் கணக்கில் சேர்க்காதே. அதன் பக்கத்தில் குறிப்பு: 'த்ரீ பேஸ் இல்லாமல் மோட்டார் ஓடாது.' பதிவு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. போனில் காட்டும் கணக்கு மட்டும் அந்த வரியில் கண்ணை மூடிக்கொண்டது. மூன்று மணிக்கு வால்வு எங்கள் பக்கம் இருக்கும். மறுநாள் காலை வரை எங்கள் பக்கம்தான். சாயங்காலம் இறைத்துவிட்டால் போர் காலைக்குள் ஊறாது. முக்கால் மணி நேரம் தண்ணீர், அப்புறம் காற்று. சின்னப்பா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

அந்த வரியை நான் ஆபீஸில் பார்த்தேன். கன்டன்சர் ஓடுகிற கொட்டாயில் விளையாடி வளர்ந்தவள் நான். அதைத் தாண்டிப் போய், பெயர் சரியில்லை என்று எழுதினேன்.

கொட்டாய்க்குப் போனேன். அப்பா தன் பெட்டியை மாட்டியபோது பழைய ஸ்டார்ட்டரை ஸ்பேருக்கு என்று சுவரிலேயே விட்டிருந்தார். அதை அவர் திறந்து மூன்று வருடம். திறந்தேன். உள்ளே புதுக் கன்டன்சர் இரண்டு. புது ஒயர், பெட்டியைத் தொடாமல் நேராக மோட்டாருக்கு.

அம்மா பின்கட்டில் ரோஜாக் காம்புகளைச் சமமாக நறுக்கிக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கன்டன்சர் யார் போட்டது?"

"எந்தக் கன்டன்சர்?"

"அம்மா."

"மாடசாமி. ராயக்கோட்டை வைண்டிங் கடை."

"யார் சொல்லி?"

"நாந்தான். மொட்டு தலை சாஞ்சிருச்சு. வேலைக்குப் போற மனுஷனுக்கு அதெல்லாம் எங்க தெரியும்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "தெரிஞ்சா வுட்ருப்பாரா."

"சின்னப்பா திருடன்னு கத்தினப்போகூடச் சொல்லலையா?"

"எப்படிச் சொல்றது? ஒரு நாள் போனா இன்னொரு நாள். அப்புறம் சொல்ற மாதிரி இல்ல."

"இந்த டிஸ்க்கை நான் கோர்ட்ல கொடுக்கப் போறேன்."

"எம்புருஷனைக் கொன்னவனுக்கு நீ சாட்சி சொல்லப் போறியா?"

"இதுல மோட்டார் ஓடினது இருக்கு. யார் போட்டாங்கன்னு இல்லை. நீ சொல்லலைன்னா பெட்டி செஞ்சவர்தான் திருடன். காலத்துக்கும்."

கத்தரிக்கோலை எறிந்தாள். என் கழுத்து எலும்பில் பட்டு விழுந்தது. எடுத்து மறுபடி எறிந்தாள். அதன் பிறகு எட்டு மாதம் நாங்கள் பேசவில்லை.

டிஸ்க்கின் நகலை இரண்டு தரப்புக்கும் கொடுத்தேன். அரசு வக்கீல் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நம்ம கேஸுக்கு நாமளே குழி தோண்டணுமா மேடம்? உங்க அம்மாகிட்ட மோட்டார் ஓடலைன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க." சின்னப்பாவின் வக்கீல் ஹரீஷ்குமார் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கு வேண்டியது தெளிவாக இருந்தது. அண்ணன் திட்டம் போட்டுத் தம்பியின் தண்ணீரைத் திருடினான், மூன்று மாதம் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னான், தம்பி வெகுண்டு அடித்தான். தண்டனை பாதியாகும்.

"அப்பாவுக்குத் தெரியாது சார்."

"அத நீங்க எப்படி நிரூபிப்பீங்க? புரோகிராம் எழுதினது அவர். அந்த வரியையும் எழுதினது அவர்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடவில்லை என்றேன். கெட்டிக்காரத் திருடன் ஞாயிற்றுக்கிழமை ஓட்ட மாட்டான் என்றார்.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் அம்மா சாட்சி சொல்ல வேண்டிய நாள். அரசு வக்கீல் முந்தின வாரமே அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் பெங்களூரிலிருந்து நேராகப் போனேன். வராந்தாவில் ஒரு முனையில் சுகுணா சின்னம்மா, மறுமுனையில் அம்மா. நான் படியேறியபோது சின்னம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"எங்க தண்ணிய உன் நெலத்துல விட்ட மவராசி. எம்புருஷன் ஜெயில்ல பல்லில்லாம களி மெல்றான்டி."

கன்னத்தில் அடித்தாள். தோளில், தலையில் அடித்தாள். அம்மா கையைத் தூக்கவில்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும். என்னால் ஓடிப் போய்த் தடுத்திருக்க முடியும். பெண் போலீஸ் வந்து சின்னம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். உதடு கிழிந்திருந்தது. அப்படியே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்றாள். பிறகு ஹரீஷ்குமார் எழுந்தார்.

"மூணு மணிக்கு மேல மோட்டார் ஓடிச்சா?"

அரசு வக்கீல் அவளையே பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை.

"ஓடிச்சுங்க."

"அது உங்க கணவர் செஞ்ச ஏற்பாடு."

"இல்லைங்க. கன்டன்சர் போட்டது நான். ஸ்விட்ச் போட்டது நான். அவரு வேலைக்குப் போனப்புறம்."

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, அவ்வளவு கம்ப்யூட்டர் தெரிஞ்ச மனுஷனுக்குத் தெரியாம மூணு மாசம் ஓட்டினீங்க? யார் நம்புவா?"

"தெரிஞ்சிருந்தா மாதேஷு வர்றதுக்கு முன்னாடி நான் செத்திருப்பேங்க."

"அப்படின்னா?"

அம்மா இடக்கையைக் கூண்டின் கட்டை மேல் வைத்துக் காட்டினாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. நான் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மிக்ஸி போடணும்னு அவரு கம்ப்யூட்டர் ஒயரப் புடுங்கிட்டேங்க. அதுக்கு இது. தண்ணியத் திருடினேன்னு தெரிஞ்சா வுடுவாருங்களா?"

எதிர்க் கூண்டில் சின்னப்பா காவலர்களுக்கு நடுவில் தலையைக் குனிந்திருந்தார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"கணவர் அடிப்பார்ங்கறதையும் பதிவு பண்ணிக்கலாமாம்மா?"

"அது வேணாங்கய்யா," என்றாள் அம்மா. "அவரு திருடலைன்னு மட்டும் எழுதிக்கோங்க."